8, 16, 24, ?, 40: விடுபட்ட கியரும் நம் ஆசைப் பாகங்களும்

#1 அச்சாணி | சனி, இரவு 10:14

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாதமாக லெகோ டெக்னிக்கில் (கியர், அச்சு, மோட்டார் எல்லாம் உள்ள லெகோ வகை) நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். லாரிக்குள் வைக்க அல்ல, மேசை மேல் தனியாக நிறுத்தி மோட்டாரால் ஓட்டிப் பார்க்க. பிஸ்டன் ஏறி இறங்குகிறது, எல்லாம் சரி. அதோடு விட்டிருக்கலாம். வால்வும் வைப்போமே என்று ஆசைப்பட்டதில் மாட்டிக்கொண்டேன்.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டனை ஆட்டும் அச்சு) இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் (வால்வைத் தூக்கும் அச்சு) ஒரு சுற்று. துல்லியமாக 2:1 வேண்டும். 1.9:1 வைத்தால்கூட கிராங்க் பத்துச் சுற்று முடிப்பதற்குள் கேம் கால் சுற்றுக்கு மேல் பிசகிவிடும்.

டெக்னிக் கியர்களில் ஒரு வசதி உண்டு. பல் எத்தனையோ, கடிக்கும் வட்டத்தின் விட்டமும் அத்தனை மில்லிமீட்டர். 24 பல் என்றால் 24 மி.மீ. ஆகவே இரண்டு கியரின் பற்களைக் கூட்டிப் பாதியாக்கினால் இரண்டு அச்சுக்கும் நடுவே எவ்வளவு தூரம் வேண்டும் என்று தெரிந்துவிடும். பீமில் (ஓட்டை வரிசை உள்ள சட்டம்) ஓட்டைக்கு ஓட்டை 8 மி.மீ. அதனால் கூட்டுத்தொகை 16இன் மடங்காக வந்தால்தான் நேராக உட்காரும்.

இனி கணக்கு. இரண்டு ஓட்டை தள்ளி வைத்தால் 8–24 (3:1), 12–20 (1.67), 16–16 (சமம்). மூன்று ஓட்டை தள்ளினால் 8–40 (5:1), 12–36 (3:1), 20–28 (1.4), 24–24 (சமம்). 1.67க்கும் 3க்கும் நடுவே பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தில் கச்சிதமாக விழ வேண்டியது 16–32. கூட்டினால் 48, பாதி 24, மூன்று ஓட்டை, விகிதம் 2:1. 32 பல் கியர்தான் இல்லை! 8, 16, 24, 40 என்று வரிசையாகப் போகிற குடும்பத்தில் ஒரு பல் விழுந்த மாதிரி இருக்கிறது.

இதுதான் என் ஆசைப் பாகம். உங்களுடையது எது? ஒரே நிபந்தனை: ஒருவருக்கு ஒரு பாகம்தான், ஏன் வேண்டும் என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். "இன்னும் பெரிய மோட்டார்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

#2 நொய்யல் | சனி, இரவு 10:51

அச்சாணி, குதிரைப் பாய்ச்சல் போட்டுப் பார்த்தீர்களா? சதுரங்கக் குதிரை மாதிரி இரண்டு ஓட்டை நேராக, ஒன்று பக்கவாட்டில். 5இன் வர்க்கமூலத்தை 8ஆல் பெருக்கினால் 17.89 மி.மீ. 12–24க்கு வேண்டியது 18. வெறும் 0.11 மி.மீ. குறை. ஒரு கிரேன் வின்ச்சில் இப்படித்தான் ஓட்டினேன். கொஞ்சம் முனகும், ஆனால் ஓடும். 16–20க்கும் இதே 18தான், அதைப் பலரும் இப்படித்தான் வைக்கிறார்கள்.

#3 அச்சாணி | சனி, இரவு 11:20

போட்டேன் நொய்யல், முனகியது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கேம் ஷாஃப்ட் கிராங்குக்கு நேர் மேலே வர வேண்டும் என்பதுதான் சிக்கல். குதிரை ஒரு கட்டம் பக்கவாட்டில் தள்ளிவிடுகிறது. அப்புறம் சிலிண்டர் ஒரு பக்கம், கேம் ஒரு பக்கம், பார்க்கவே கழுத்துச் சுளுக்கியது போல இருக்கிறது.

8–16 பார்த்தேன், ஒன்றரை ஓட்டை வேண்டும். அரை ஓட்டை நகர்த்தினால் அங்கிருந்து மேலே கட்டுகிற எல்லாமே அரை ஓட்டை நகர்கிறது. 20–40க்கு 30 மி.மீ., அதாவது 3.75 ஓட்டை. அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

#4 பனங்காய் | ஞாயிறு, அதிகாலை 3:05

இங்கே டென்மார்க்கில் இரவு பதினொன்றரை தாண்டிவிட்டது, நித்திரை வரவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

எனக்கு கியர் வேண்டாம், மோட்டார் வேண்டாம். ஒரு நீட்டு வயர் போதும்.

விளக்கமாகச் சொல்கிறேன். லெகோவின் பழைய மோட்டார் சிஸ்டமான பவர் ஃபங்ஷன்ஸ் 2007இல் வந்தது. அதில் 20 செ.மீ. ஒன்று, 50 செ.மீ. ஒன்று என்று இரண்டு நீட்டு வயர்கள் தனியாகவே விற்றார்கள். 20 செ.மீ. வயர் அதற்கும் முந்தைய 9 வோல்ட் மோட்டார்களோடும் சேரும். ஒரு பிளக்கின் முதுகில் இன்னொரு பிளக்கைக் குத்தலாம், ஒரே இடத்தில் மூன்று மோட்டார் ஏறும். 2018இல் புதிய சிஸ்டமான பவர்டு அப் வந்தது. மோட்டாரோடு ஒட்டிப் பிறந்த வயர், அதுவும் கட்டை. நீட்டு வயர் லெகோவின் பட்டியலில் இல்லை. பிளக்கின் மேல் பிளக் குத்தவும் வழியில்லை.

போன தையில் ஒரு பெரிய கிரேன் கட்டத் தொடங்கினேன். கொக்கியைத் தூக்குகிற மோட்டார் கையின் நுனியில் இருந்தால் வடிவாக இருக்கும். ஹப் (பேட்டரியும் கட்டுப்பாடும் உள்ள பெட்டி) கீழே. வயர் எட்டவில்லை. ஹப்பைத் தூக்கிக் கையில் வைத்தேன், கிரேன் குப்புற விழுந்தது. ஆறு பேட்டரியின் எடை என்றால் சும்மாவா? கடைசியில் மோட்டாரைக் கீழே வைத்து நூலை மேலே இழுத்தேன். நூலால் ஆகிற வேலை என்றபடியால் தப்பினேன்.

#5 ரோபோதம்பி | ஞாயிறு, காலை 8:40

பனங்காய் அண்ணா, நீங்கள் சொல்வது சரி. ஆனால் புதிய சிஸ்டத்தை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். பழையதில் நான்கு கம்பி. இரண்டு பேட்டரிக்கு, இரண்டு மோட்டாருக்கு. அவ்வளவுதான், மோட்டார் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. புதியதில் ஆறு கம்பி. ஹப்பில் குத்தியதுமே "நான் இன்ன மோட்டார்" என்று அது சொல்லிவிடும். உள்ளேயே கோணம் அளக்கிற சென்சார் இருக்கிறது, 90 டிகிரி திரும்பு என்றால் திரும்பி நிற்கும். இரண்டு மோட்டாரை ஒரே போர்ட்டில் ஏற்றினால் யார் பேசுகிறார்கள் என்று ஹப்புக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் பிளக்கின் மேல் பிளக் இல்லை.

வெயிலில் பழைய இன்ஃப்ராரெட் ரிமோட்டை வைத்து வண்டி ஓட்டியவர்கள் கையைத் தூக்குங்கள். மொட்டை மாடியில் மாலை நான்கு மணிக்கு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

என் ஆசையைப் பிறகு சொல்கிறேன், யோசிக்கிறேன்.

#6 பனங்காய் | ஞாயிறு, மதியம் 1:32

தம்பி, நான் குத்துவதைக் கேட்கவில்லை, நீட்டுவதைத்தான் கேட்கிறேன். ஆறு கம்பியையும் அப்படியே 30 செ.மீ. தள்ளிக் கொண்டுபோய் விட்டால் மோட்டார் தன் பெயரைச் சொல்ல மறந்துவிடுமா? வேறு ஆட்கள் செய்து விற்கிறார்களே, அதில் வேலை செய்கிறதே.

#7 ரோபோதம்பி | ஞாயிறு, மதியம் 1:40

அது நியாயம் அண்ணா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

#8 குட்டி_கிரேன் | ஞாயிறு, மதியம் 2:15

வயருக்கு என் ஓட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பனங்காய் அண்ணா, நீங்கள் டென்மார்க்கில்தானே இருக்கிறீர்கள்? லெகோவின் தலைமையகம் இருக்கிற பில்லுண்ட் பக்கம்தானே, ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வந்தால் என்ன?

#9 பனங்காய் | ஞாயிறு, மாலை 6:50

காரில் ஒரு மணி நேரம்தான். பிள்ளைகளோடு லெகோ ஹவுஸுக்குப் போயிருக்கிறேன், 2017இல் திறந்தது. உள்ளே போனால் என் மகன் வெளியே வர மாட்டான், அங்கே நின்று நான் யாரிடம் வயர் கேட்கிறது? டிக்கெட் கிழிக்கிற பிள்ளையிடமா?

#10 நொய்யல் | ஞாயிறு, இரவு 9:28

என் ஆசை: உலோக ஆக்சில். ஏற்கெனவே இருக்கிற அதே கூட்டல் குறி வடிவம், அதே 8 மி.மீ. கணக்கில் நீளம், பிளாஸ்டிக்குக்குப் பதில் எஃகு.

நாலு கிலோ எடையில் ஒரு டிரக் செய்தேன். எக்ஸ்எல் மோட்டார் இரண்டு. மேடு ஏறும்போது பின்பக்க ஆக்சில் முறுக்கிய முறுக்கு போல ஆகிவிட்டது. 12 ஸ்டட் (ஒரு ஸ்டட் 8 மி.மீ.) நீள ஆக்சிலின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரிகிற திருகல். நடுவே இருந்த யுனிவர்சல் ஜாயிண்டின் (கோணத்தில் மடங்கிச் சுற்றும் இணைப்பு) காதும் பிய்ந்தது. அத்தனை எடையை ஏற்றியது நான்தான், பாகத்தைக் குறை சொல்லவில்லை.

எங்கள் ஊரில் பட்டறைக்குப் பஞ்சமில்லை. லேத்தில் உருண்டைக் கம்பி கடைவது ஒரு நிமிட வேலை, கூட்டல் குறி வடிவம் வராது. வயர் கட் இயந்திரத்தில் (மின்சாரம் பாயும் கம்பியால் உலோகத்தை அறுப்பது) வெட்டித் தரச் சொல்லிக் கேட்டேன். பட்டறைக்காரர் என்னையும் ஆக்சிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எந்த கம்பெனி பம்புக்கு சார் இது?" என்றார். பொம்மைக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

#11 மெக்கானோ_தாத்தா | திங்கள், காலை 5:45

நொய்யல் தம்பி, நான் உலோகத்திலிருந்து வந்தவன். என் அப்பா காலத்து மெக்கானோ பெட்டி, உலோகத் துண்டுகளைத் திருகிக் கட்டுகிற பொம்மை, இன்னும் என்னிடம் இருக்கிறது. லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பி 1901இல் காப்புரிமை வாங்கிய சங்கதி. ஓட்டைக்கு ஓட்டை அரை அங்குலம். கம்பி எஃகு, கியர் பித்தளை. முறுகுமா என்றால் முறுகாது. ஆனால் உருண்டைக் கம்பி. கியரை ஒரு சின்னத் திருகாணியால் கம்பியோடு இறுக்க வேண்டும். சுமை ஏறியதும் திருகாணி வழுக்கும், கம்பி சுற்றும், கியர் நிற்கும். மறுபடி திருப்புளியைத் தேடு. என் பால்யத்தில் பாதி அந்தத் திருகாணியை இறுக்குவதிலேயே போயிற்று.

லெகோவின் கூட்டல் குறி ஆக்சிலை முதன்முதலில் பார்த்தபோது, இதை யோசித்தவன் கையில் நிச்சயம் ஒரு திருகாணித் தழும்பு இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வழுக்கவே முடியாத அச்சு.

இப்போது அதையே எஃகில் கேட்கிறீர்கள். சரி, போடுங்கள். அச்சு முறுகாது. அடுத்து எது போகும்? கியரின் நடு ஓட்டை பிளாஸ்டிக். கூர்மையான எஃகு விளிம்பு அதை அரம் மாதிரி அறுக்கும். அதையும் எஃகில் போட்டால் பீமின் ஓட்டை தேயும். பீமையும் எஃகில் போட்டால் என் வீட்டுக்கு வாருங்கள், பெட்டியோடு தருகிறேன்.

#12 நொய்யல் | திங்கள், இரவு 8:10

ஐயா, சிரித்து முடியவில்லை. ஆனாலும் மேடு ஏற வேண்டுமே?

#13 மெக்கானோ_தாத்தா | செவ்வாய், காலை 5:50

அச்சை வேகமாகச் சுற்ற விடுங்கள், சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறையுங்கள். நீங்கள் மோட்டாருக்குப் பக்கத்திலேயே குறைத்துவிடுகிறீர்கள், அதனால் முழு முறுக்கும் அந்த நீள அச்சு வழியாகப் போகிறது. டிராக்டரின் பின் சக்கரத்துப் பக்கம் தனியாக ஒரு கியர் குறைப்பு வைப்பது ஏன் என்று நினைக்கிறீர்கள்? மூன்றில் ஒரு பங்காகச் சக்கரத்தில் குறைத்தால், அச்சில் வருகிற முறுக்கும் மூன்றில் ஒரு பங்குதான்.

#14 ரோபோதம்பி | செவ்வாய், காலை 9:02

தாத்தா சொல்வது லெகோவிலேயே இருக்கிறது. 2019இல் வந்த 42099 ஆஃப் ரோடரில் சக்கர ஹப்புக்குள்ளேயே (பேட்டரி ஹப் அல்ல, சக்கரத்தின் நடுக்கூடு) கோள் கியர், அதாவது நடு கியரைச் சுற்றிச் சின்ன கியர்கள் ஓடும் அமைப்பு, வைத்தார்கள். 5.4 சுற்றுக்கு ஒரு சுற்று. உள்ளே போகிற ஆக்சிலுக்கு ஐந்தில் ஒரு பங்கு முறுக்குகூட வராது. அதற்கு முன்னால், 2011இல் யூனிமாக் 8110இல் போர்ட்டல் ஹப் வந்தது. அதில் அச்சு சக்கரத்தின் நடுவுக்கு மேலே இரண்டு ஓட்டை உயரத்தில் வரும், 8–24 போட்டால் 3:1.

#15 நொய்யல் | செவ்வாய், இரவு 9:44

கோள் கியர் ஹப்பைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பெரிய சக்கரத்துக்குச் சரி. என் டிரக்கின் சக்கரம் சின்னது, அதற்குள் நுழையாது.

சரி, ஆசையை மாற்றிக்கொள்கிறேன். எஃகு ஆக்சில் வேண்டாம். அதே கோள் கியர் ஹப், சின்னச் சக்கரத்துக்குள் அடங்குகிற அளவில். விகிதம் 3:1 கிடைத்தால்கூடப் போதும். தாத்தாவுக்கு ஒரு காபி கடன்.

#16 மாலைவகுப்பு | புதன், மாலை 4:30

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்று எழுதிவிடுகிறேன். பள்ளி முடிந்த பிறகு பதினெட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பாகங்களை வைத்து வகுப்பு எடுக்கிறேன். நீங்கள் எல்லோரும் பெரியவர்களின் ஆசையைச் சொல்கிறீர்கள். ஒன்பது வயது விரலின் ஆசையை நான் சொல்கிறேன்.

பின். அந்தக் கறுப்புப் பின், நீல நீளப் பின். குத்துவது சுலபம், பிடுங்குவது பாடு. உராய்வு இருந்தால்தான் மாடல் ஆடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் வகுப்பு முடிய பத்து நிமிடம் இருக்கும்போது பதினெட்டுப் பேரும் பல்லால் கடிக்க ஆரம்பிப்பார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், என்னிடம் இருக்கிற பின்களில் பாதிக்கு மேல் பல் தடம் இருக்கிறது. ஆரஞ்சு நிறப் பிரிப்பானின் முதுகில் ஒரு குச்சி உண்டு, அது ஆக்சிலைத் தள்ளிவிடும். பின்னை ஒரு பக்கம் பிடித்து இழுக்கிற மாதிரி, பிஞ்சு விரலுக்குப் பொருந்துகிற பிடுங்கி ஒன்று வேண்டும். மோட்டார்கூட இல்லை, வெறும் இடுக்கி.

#17 அச்சாணி | புதன், இரவு 9:15

அக்கா, என் மகளும் பல்லால்தான். அவளைத் திட்டிவிட்டு, அவள் தூங்கியதும் நானும் பல்லால்தான்.

#18 மாலைவகுப்பு | புதன், இரவு 9:40

அப்படியானால் தடங்களில் சில பெரியவர்களுடையதாகவும் இருக்கலாம்!

ஒருவருக்கு ஒன்று என்று சொல்லிவிட்டீர்கள், ஆனாலும் வகுப்பின் சார்பில் இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன், நிர்வாகி மன்னிக்கட்டும். டெக்னிக் ஹப்புக்கு ஆறு பென்சில் பேட்டரி. நான்கு ஹப் இருந்தால் 24. ரீசார்ஜ் செய்கிற வகையைப் போட்டால் ஒன்று 1.2 வோல்ட், ஆறும் சேர்ந்து 7.2, அதாவது 9க்குப் பதில் ஏழேகால் கூட இல்லை. பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்: "மிஸ், இன்னைக்கு வண்டிக்குக் காய்ச்சல்." பழைய சிஸ்டத்தில் லித்தியம் பேட்டரிப் பெட்டி ஒன்று இருந்தது, 7.4 வோல்ட், கையடக்கம். அதுமாதிரி ஒன்று இந்த ஹப்பின் அடியில் பொருந்தினால் மாதாமாதம் பேட்டரிக் கணக்கு எழுத வேண்டியிருக்காது.

#19 மலைக்கோட்டை | வியாழன், காலை 11:05

எந்தப் பாகம் வந்தாலும் நமக்கு என்ன? இந்தியாவில் பொம்மைக்கு இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. 2021இலிருந்து தர முத்திரை வேறு கட்டாயம். ஒரு இணையக் கடையில் பத்து கியர் சொன்னேன், நாற்பது நாள் கழித்து எட்டு வந்தது. இரண்டு எங்கே என்று கேட்டால் இன்றுவரை பதில் இல்லை. முதலில் இருக்கிற பாகம் கைக்கு வரட்டும், புதிய பாகத்தைப் பிறகு பேசலாம்.

#20 நிர்வாகி | வியாழன், காலை 11:30

மலைக்கோட்டை, உங்கள் கோபம் புரிகிறது. விலைக்கும் கடைகளுக்கும் தனி இழை இருக்கிறது, அங்கே எழுதுங்கள். இங்கே பாகம் மட்டும். மாலைவகுப்பு இரண்டாவது சொன்னதை நான் பார்க்கவில்லை.

#21 மலைக்கோட்டை | வியாழன், மதியம் 12:10

சரி. பாகம்தானே? காற்றழுத்த வால்வு, கரண்டில் திறக்கிறது. 1984இலிருந்து டெக்னிக்கில் காற்று சிலிண்டர் இருக்கிறது. ஆனால் வால்வு இன்னும் கையால் தள்ளுகிற நெம்புகோல்தான். ஒரு வால்வை ரிமோட்டில் திருப்ப வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு மோட்டார் ஒதுக்க வேண்டும். எக்ஸ்கவேட்டருக்கு மூன்று சிலிண்டர், மூன்று வால்வு, மூன்று மோட்டார். அந்த மூன்று மோட்டாரை வைத்து நேராகவே கையை ஆட்டிவிடலாமே, காற்று எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள்.

காற்று எதற்கென்றால், அந்தச் சத்தத்துக்கு.

#22 குட்டி_கிரேன் | வியாழன், இரவு 7:20

அந்தச் சத்தத்துக்கு என் ஓட்டும் உண்டு.

#23 ரோபோதம்பி | வெள்ளி, இரவு 11:58

யோசித்துவிட்டேன். சின்ன மோட்டார். 90களில் லெகோ ஒரு மைக்ரோ மோட்டார் விட்டது, இரண்டுக்கு இரண்டு செங்கல் அளவுதான் அடிப்பாகம். மெதுவாகச் சுற்றும், பெரிய பலம் கிடையாது. இப்போதைய மோட்டார்கள் எல்லாம் பலசாலிகள், ஆனால் ஆள் பெரியவர்கள். ஒரு சின்னக் காரில் கதவைத் திறக்க, வைப்பர் ஆட்ட, கண்ணாடியை மடக்க எதுவும் நுழையாது. பலம் வேண்டாம், கோணம் அளக்கிற சென்சார் இருந்தால் போதும். அந்தப் பழைய உடம்பில் இந்தப் புதிய மூளை.

ரிமோட் பற்றியும் யாரோ கேட்பார்கள் என்று நினைத்தேன். போன் இல்லாமல் ஓட்ட வேண்டுமென்றால் பைபிரிக்ஸ் என்கிற திறந்த மென்பொருளை ஹப்பில் ஏற்றுங்கள். கையடக்க ரிமோட் டெக்னிக் ஹப்போடு பேசும். நிரல் பைத்தானில், பத்து வரி. அதனால்தான் ரிமோட்டை நான் ஆசைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

#24 பனங்காய் | சனி, அதிகாலை 2:40

அந்தச் சின்ன மோட்டாரின் வயர் எவ்வளவு நீளம் தம்பி?

#25 ரோபோதம்பி | சனி, காலை 9:30

அண்ணா!

#26 அச்சாணி | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8:05

கேட்டுக்கொண்டே இருப்பதற்குப் பதில் 32 பல்லை நானே அச்சடித்துவிட்டேன். நண்பர் வீட்டில் 3டி பிரிண்டர் இருக்கிறது. அளவு சுலபம்: மாட்யூல் 1 (ஒரு பல்லுக்கு விட்டம் 1 மி.மீ.), பல் 32, வெளி விட்டம் 34 மி.மீ. நடுவில் கூட்டல் குறி ஓட்டை.

முதல் கியர்: ஓட்டை இறுக்கம். ஆக்சிலைத் தட்டித் தட்டி ஏற்றினேன், அடுக்கு அடுக்காகப் பிளந்தது. இரண்டாவது: ஓட்டையைச் சுற்றிலும் 0.1 மி.மீ. பெரிதாக்கினோம், கொடகொட என்று ஆடியது. மூன்றாவதில் பாதியாகக் குறைத்தோம், உட்கார்ந்தது. ஓரங்களை நகவெட்டியின் அரத்தால் தேய்த்தேன். இந்த மூன்று கியருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இதே துல்லியத்தில் கோடிக்கணக்கில் வார்க்கிறவர்கள் மேல் மரியாதை கூடியது.

16ஐ கிராங்கில் போட்டேன், 32ஐ நேர் மேலே மூன்றாவது ஓட்டையில். கடித்தது. முனகல் இல்லை, வெறும் பிரிண்டர் கியருக்கே உரிய கரகரப்பு.

எதிர்பாராத லாபம் ஒன்றும் கிடைத்தது. உள் அகலம் ஐந்து ஸ்டட், அதாவது 40 மி.மீ. உள்ள சட்டத்துக்குள் 40 பல் கியர் நுழையாது, அதன் வெளி விட்டம் 42. 32 பல் தாராளமாகச் சுற்றுகிறது. எஞ்சின் பிளாக்குக்குள்ளேயே கியர் அடங்கிவிட்டது, வெளியே துருத்தவில்லை.

இப்போது புதுப் பிரச்சினை. கேம் ஷாஃப்ட் சுற்றுகிறது, நான்கு கேமும் நான்கு குச்சியைத் தூக்குகின்றன. ஆனால் பார்க்கும்போது ஏதோ சரியில்லை. பிஸ்டன் ஒரு தாளத்தில் போகிறது, வால்வு வேறு தாளத்தில். கியரை ஒரு பல் தள்ளிப் போட்டேன், 11.25 டிகிரி நகர்ந்தது. இன்னொரு பல். சரியாகவில்லை. முதல் சிலிண்டர் பொருந்தினால் மூன்றாவது பொருந்தவில்லை. மகள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் சண்டை" என்கிறாள்.

#27 நொய்யல் | ஞாயிறு, இரவு 8:32

கோப்பை அனுப்புங்கள்! நம் ஊரில் பித்தளையில் வெட்டித் தருகிறேன். (தாத்தா திட்டுவார், பரவாயில்லை.)

#28 மெக்கானோ_தாத்தா | திங்கள், காலை 5:40

திட்டமாட்டேன், பித்தளை என்றால் எனக்கும் ஒன்று.

அச்சாணி, உங்கள் கியர் சரியாகத்தான் இருக்கிறது. கேமை எந்த வரிசையில் மாட்டினீர்கள்? நான்கு சிலிண்டர் என்றால் வெடிக்கும் வரிசை பெரும்பாலும் 1-3-4-2. கிராங்க் அரைச் சுற்றுக்கு ஒரு சிலிண்டர், ஆகவே கேம் கால் சுற்றுக்கு ஒன்று. உங்கள் ஆக்சில் கூட்டல் குறி. அதில் கேமை 90 டிகிரி தள்ளித் தள்ளித்தான் மாட்ட முடியும், உங்களுக்கு வேண்டியதும் அதே 90தான். என் மெக்கானோவில் இதற்கு ஒரு மாலைப்பொழுது முழுக்கத் திருகாணியோடு மல்லுக்கட்டியிருப்பேன். ஒன்றாவது கேமுக்கு அடுத்த கால் சுற்றில் மூன்றாவது, பிறகு நான்காவது, பிறகு இரண்டாவது. நீங்கள் 1-2-3-4 என்று வரிசையாக மாட்டியிருந்தால் பல்லை எத்தனை முறை தள்ளினாலும் சண்டை தீராது.

#29 அச்சாணி | திங்கள், காலை 7:10

1-2-3-4 என்றுதான் மாட்டியிருக்கிறேன் ஐயா.

மேல் மூடியில் பதினாறு பின். பிடுங்க ஆரம்பித்துவிட்டேன். மாலைவகுப்பு அக்கா, உங்கள் இடுக்கி எப்போது வரும்?